எல்லாம் போலி இல்லை, பாதி புரட்டு

எதைப் பார்த்தாலும் 'போலி' என்று முத்திரை குத்திவிட்டுப் போகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

படிக்காமலே ஊசி போடுகிறவர் போலி மருத்துவர். சரி. இல்லாத நிலத்துக்கு எழுதியது போலிப் பத்திரம். அதுவும் சரி. அங்கே ஆளே பொய், பத்திரமே பொய். வாட்ஸப்பில் சுற்றுவதெல்லாம் அந்த ரகமா?

2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. பீகார் சட்டமன்றம்வரை போய், அங்கிருந்து ஒரு குழுவே கிளம்பி வந்தது. அவற்றில் இரண்டைப் பற்றி அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. இரண்டுமே பழசு. ஆனால் அடிதடி நிஜம்.

இதைப் போய் 'போலி வீடியோ' என்றால் அனுப்பியவர் விடுவாரா? "நல்லாப் பாருப்பா, நிஜமாவே அடிக்கிறாங்க" என்பார். அவர் சொல்வதும் சரிதானே! அந்த இடத்திலேயே நாம் வாயடைத்துப் போகிறோம்.

இதற்கென்றே நம்மிடம் ஒரு சொல் உண்டு: புரட்டு. இருப்பதையே திருப்பிப் போட்டு வேறொன்றாகக் காட்டுவது. சொல்லும்போதே ஒரு சூடு இருக்கும். இலக்கணத்தில் போலி என்பது, பாவம், நல்ல பிள்ளை. பந்தல் பந்தராகும், ஐந்து அஞ்சாகும், எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. புரட்டில் ஒரு எழுத்தும் மாறாது, பொருள் மட்டும் மாறிவிடும். அந்த வீடியோக்களுக்கு நடந்ததும் அதுதான்.

விளம்பரத்துக்கும் இதே சொல்தான் பொருந்தும். செய்தியில் 'தவறாக வழிநடத்தும் விளம்பரம்' என்று மூச்சு வாங்க வாசிக்கிறார்கள். புரட்டு விளம்பரம் என்றால் பால்காரருக்கும் புரியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, திரும்பவும் செய்தால் 50 லட்சம்.

ஜூஸ் டப்பாவையே எடுங்கள். முன்பக்கம் '100 சதவீதம் பழச்சாறு' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் தண்ணீர், கெட்டிச் சாறு. இந்த '100 சதவீதத்தை' எடுக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவு போட்டது. உள்ளே இருந்தது சாயத் தண்ணீர் இல்லை, பழச்சாறுதான். அதனால்தான் போலி என்று அதை யாரும் பிடிக்கவில்லை.