பதினெட்டாவது ஆளாக நீங்கள் அனுப்ப வேண்டாம்

இங்கிலாந்தில் கடை வைத்திருக்கிற எனக்கு, எங்கட தம்பி ஒருவர் எங்கட கடைக்காரரை நக்கலடித்து எடுத்த வீடியோவை இதுவரை பதினேழு பேர் அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன். முழுதாக, இரண்டு தரம். இனி யாரும் அனுப்ப வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். தம்பி வடிவாகக் கதைக்கிறார். கமெராவும் நல்ல கமெரா. மூன்று மாதத்துக்கு மூடச் சொல்லி உத்தரவு ஒட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, "எங்கட கடைக்காரருக்குச் சட்டம் எண்டாலே அலர்ஜி" என்று சொல்லிச் சிரிக்கிறார். கீழே நூற்றுக்கணக்கில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள். அதில் இருபது பேராவது என்னிடம் சாமான் வாங்குகிறவர்கள். ஒருவர் போன கிழமைதான் கடனுக்குப் பால் எடுத்துக்கொண்டு போனவர்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையை மூடியது சரி. நூற்றுக்கு நூறு சரி. கள்ளச் சிகரெட் வைத்திருந்தவனுக்காக நான் கண்ணீர் விட வரவில்லை. உங்களைவிட எனக்குத்தான் அவன் மேல் கோபம். அவனால் நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை. நான் இழந்தது வியாபாரம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். இந்த நாட்டில் புதுச் சட்டம் வரும்போதெல்லாம் செலவு, அதை மதிக்கிறவனுக்குத்தான். மீறுகிறவனுக்கு ஒரு சதம் செலவில்லை, பிடிபடும் வரைக்கும். கடைசியில் நீங்கள் வந்து இரண்டு பேரையும் ஒரே வீடியோவில் "எங்கட கடைக்காரர்" என்று கட்டிவிடுகிறீர்கள்.

கதையாகச் சொன்னால் விளங்கும். 2025 ஜூன் 1 முதல் பாவித்துவிட்டு எறிகிற வேப் (மின்சிகரெட்) விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. விற்பதோடு நிற்கவில்லை, விற்பதற்கென்று கடையில் வைத்திருப்பதும் பிழை. மே 31 சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நானும் மனைவியும் மிச்சம் கிடந்ததை எண்ணினோம். 146. நீலம், ரோசா, பச்சை என்று சின்னப்பிள்ளைகளின் கிரேயோன் பெட்டி மாதிரி மேசையில் கிடந்தன. மொத்த வியாபாரி திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். உள்ளே பட்டரி இருப்பதால் குப்பைப் பையிலும் போட முடியாது. பெட்டியில் கட்டி, டேப் ஒட்டி, மீள்சுழற்சிக்கு என்று எழுதிப் பின்னறையில் வைத்தோம். ஏறக்குறைய 500 பவுண்ஸ் போனது. மனைவி ஒன்றும் பேசவில்லை. லைட்டை அணைத்துவிட்டு வந்து காரில் ஏறினார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெடியன் வந்து கேட்டான்: "அங்கிள், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துக் கடையில இருக்கே, உங்களிட்ட ஏன் இல்லை?"

பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துக் கடை எதென்று விளங்குகிறதுதானே. தம்பி முன்னால் நின்று சிரித்த அதே ஷட்டர்தான். ஆறு மாதத்துக்கு மேலாக அவன் மேசைக்குக் கீழே வைத்து விற்றான். இங்கிலாந்தில் முதல் தரம் பிடிபட்டால் அபராதம் 200 பவுண்ஸ். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் அதை எடுத்துவிடுவான். திரும்பத் திரும்பச் செய்தால் சிறை வரைக்கும் போகலாம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறதுதான். இந்த ஆறு மாதத்தில் அதிகாரிகள் என்னிடம் இரண்டு தரம் வந்து தட்டைப் பார்த்தார்கள், வயது காணாதென்று விற்க மறுத்த ஆட்களைக் குறிக்கிற கொப்பியைப் பார்த்தார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கொப்பி வைத்திருப்பவனிடம்தானே கொப்பி பார்க்க வரலாம்!

இப்போது சிலர் சொல்வார்கள், "அண்ணை, சட்டம் எல்லாருக்கும் பொது, நீங்கள் மட்டும் ஏன் அழுகிறீர்கள்?" அழவில்லை. கணக்குச் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் வேலையாளின் சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டுகிற தேசிய காப்புறுதி 13.8 வீதத்திலிருந்து 15 ஆனது. முன்பு ஒருவருக்கு ஆண்டுக்கு 9,100 பவுண்ஸுக்கு மேல் சம்பளம் போனால்தான் கட்ட வேண்டும், இப்போது 5,000 தாண்டினாலே. உண்மையையும் சொல்லிவிடுகிறேன், முதலாளி ஆண்டுக்கு அந்தக் காப்புறுதியில் கழித்துக்கொள்ளக்கூடிய தொகையை 5,000இலிருந்து 10,500 ஆக்கினார்கள், என்னைப் போன்றவன் அதில் தப்பினான். சரி, அதை விடுவோம். கடைக் கட்டடத்துக்குக் கட்டுகிற வரியை, பிஸ்னஸ் ரேட்ஸை, விட முடியாது. கடைகளுக்கு இருந்த 75 வீதச் சலுகை அதே ஏப்ரலில் 40 ஆக இறங்கியது. 10,000 பவுண்ஸ் பில் வருகிறவர் முந்தின ஆண்டு 2,500 கட்டினார், பிறகு 6,000. கடை அதே கடை. ஃபிரிட்ஜ் அதே ஃபிரிட்ஜ். கதவு மணி கூட அதே மணி. 2026 ஏப்ரலோடு அந்தச் சலுகையும் போய் வேறொரு முறை வந்தது, எனக்கு அதை விளங்கப்படுத்துவதற்கே கணக்காளர் காசு கேட்பார்.

சம்பளம் என்று வரும்போதுதான் எல்லோருக்கும் வாய் திறக்கும். "வேலையாட்களுக்குச் சம்பளம் கூட்டினால் உங்களுக்கு நெஞ்சு வலிக்குதோ?"

வலிக்கவில்லை. நான் யார் என்று தெரியாமல் கேட்கிற கேள்வி இது. 1997இல் இங்கே வந்து இரவில் பெட்ரோல் ஷெட்டில் நின்றவன் நான். மணிக்கு இரண்டரைப் பவுண்ஸ். தந்தவர் எங்கட ஆள், ஊர்க்காரர், கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவர். 1999 ஏப்ரல் 1ஆம் திகதி குறைந்தபட்சச் சம்பளம் 3.60 என்று இந்த நாட்டில் முதல் தடவையாகச் சட்டம் வந்தது. எனக்கு மணிக்கு ஒரு பவுண் பத்துப் பென்ஸ் கூடியது, அவருடைய மனம் இளகி இல்லை, சட்டத்துக்குப் பயந்து. அன்றிரவு கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து அந்தக் காசை நான் மூன்று தரம் எண்ணினேன். ஆகவே சம்பளச் சட்டத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் 12.21, 2026 ஏப்ரலில் 12.71. கொடுப்பேன். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பஸ் ஸ்டாப்புக் கடையில் மணிக்கு ஐந்து பவுண்ஸுக்கு ஒருவனை நிறுத்தி வைத்திருந்தான், என்னுடைய பாலும் அவனுடைய பாலும் ஒரே விலை. அதுதான் என் நெஞ்சுவலி.

நான் கிழமைக்கு 84 மணித்தியாலம் நிற்கிறேன். கடைக் கம்பனியின் இயக்குநர் நான், இயக்குநருக்கு அந்தச் சம்பளச் சட்டம் கிடையாது. இருந்திருந்தால் எனக்குச் சம்பளம் கட்டுப்படியாகாமல் என்னைத்தான் முதலில் வேலையால் நிறுத்தியிருப்பேன்.

2025 டிசம்பர் 18 அரச ஒப்புதல் கிடைத்த தொழிலாளர் உரிமைச் சட்டம் பற்றியும் தம்பி இரண்டு வரி நக்கலாகச் சொன்னார், "இனி இவையள் சுகமில்லாத ஆளுக்கும் காசு குடுக்க வேணும், பாவம்" என்று. முன்பு முதல் மூன்று நாளுக்குச் சட்டப்படி சுகவீனக் காசு இல்லை. 2026 ஏப்ரலிலிருந்து முதல் நாளே கொடுக்க வேண்டும். என்னிடம் பகுதி நேரம் நிற்கிற அக்காவுக்கு முழங்கால் வருத்தம். நான் முந்தியே அவருக்கு அந்த நாட்களுக்குக் கொடுத்துத்தான் வந்தேன். சரி, எல்லாத் தரமும் இல்லை. முக்கால்வாசித் தரம். அந்தக் கால்வாசியைச் சட்டம் வந்து சரி செய்யட்டும், நான் மறுக்கவில்லை.

"அப்ப நீ மட்டும் சுத்தமோ?" என்று கேட்கப் போகிறீர்கள். இல்லை. நானும் ஒருதரம் மாட்டினேன். மனைவி கடையின் பின்னால் உள்ள குசினியில் மட்டன் ரோல்ஸ் செய்வார். அதை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி டில்லுக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்போம். 2021 அக்டோபரில் இருந்து, கடையிலேயே செய்து பொதி செய்கிற உணவுக்கும் பெயர், சேர்மானம் எல்லாம் எழுதி, ஒவ்வாமை தரக்கூடிய 14 சாமான்களில் எது உள்ளே இருந்தாலும் அதைப் பளிச்சென்று தெரிகிற மாதிரிக் காட்ட வேண்டும். எங்களுக்குத் தெரியாது. வந்த அதிகாரி ஒரு பெண். ரோல்ஸைக் கையில் எடுத்து, திருப்பி, "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். மனைவி சிரித்துக்கொண்டு "அன்பு" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. அப்புறம் இருந்து விளங்கப்படுத்தினார், 2016இல் நடாஷா என்ற 15 வயதுப் பிள்ளை, லேபலில் எள்ளு என்று எழுதாத ஒரு பகெட் பாணைச் சாப்பிட்டு இறந்துபோனதை. அந்தப் பிள்ளையின் பெயரால்தான் சட்டம். அபராதம் போடவில்லை, இரண்டு கிழமை தவணை தந்தார். அன்றிரவே லேபல் மெஷின் வாங்கினோம். அந்தச் சட்டத்தைப் பற்றி இந்த வாயால் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஒருவர் வந்து இருந்து சொன்னார், விளங்கியது, செய்தோம். எல்லாச் சட்டமும் அப்படி வந்தால் எனக்கு ஏன் இந்த எழுத்து?

2025 நவம்பர் 18 முதல் கம்பனி இயக்குநர்கள் தாங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டும் என்று வந்ததற்கும் நான் கைதட்டினேன். யாருடைய பெயரிலும் யாரும் கம்பனி பதியலாம் என்றிருந்த நாடு இது. கடைசியில் நிரூபித்தது யார்? நான். போனைப் பாஸ்போர்ட்டின் மேல் வைத்து ஆடாமல் அசையாமல் நின்றேன், ஐயர் தீபம் காட்டுகிற மாதிரி. மீசை எடுத்த முகத்தை அது ஏற்கவில்லை. மகன் வந்து வெளிச்சத்தை மாற்றிப் பிடித்து நாலாம் தரம் சரிவந்தது. பதினொரு எழுத்தில் ஒரு குறியீடு தந்தார்கள், கலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாப்புக் கடை வசந்தகாலத்தில் வேறு பெயரில் திறக்கும், பந்தயம் கட்டுகிறீர்களா?

"சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தால் பயம் எதற்கு?" என்று ஒரு அறிவாளி எழுதியிருந்தார். அவருக்குத் தபாற்கந்தோர்காரரின் கதை தெரியாது போலிருக்கிறது. 1999 முதல் 2015 வரை ஹொரைசன் என்ற கம்பியூட்டர் காட்டிய கணக்கை நம்பி 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கினார்கள். கடைக்குள் தபாற்கந்தோர் நடத்திய சாதாரண ஆட்கள், அவர்களில் எத்தனையோ பேர் எங்களைப் போலத் தெற்காசியர். பிழை கம்பியூட்டரில். அந்தத் தண்டனைகளை மொத்தமாக நீக்கப் பாராளுமன்றம் 2024 மே மாதம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதற்குள் வீடு போனவர்கள், சிறை போனவர்கள், செத்துப்போனவர்கள். விசாரணையில் அவர்கள் சொன்னதைப் பாருங்கள்: பக்கத்து வீட்டார் முகம் கொடுக்கவில்லை, ரோட்டில் கள்ளர் என்றார்கள். நல்லவேளை அப்போது இந்த வீடியோக்காரர்கள் இல்லை.

அப்ப எங்கட ஆக்கள் பிழையே விடுவதில்லையா? விடுகிறார்கள். அடுத்த விஷயத்துக்கு வருவோம்.

2025 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் பதிந்த கடைத் திருட்டு 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். இது பதிந்த கணக்கு மட்டும். பட்டர், சீஸ், சவர பிளேட், பிள்ளைப் பால்மா. கண்ணுக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போகிறார்கள், நான் "குட் நைட்" சொல்கிறேன், வேறென்ன சொல்ல? 2014இல் கொண்டுவந்த ஒரு விதியால் 200 பவுண்ஸுக்குக் குறைந்த திருட்டு சின்னத் திருட்டு என்றாகிவிட்டது. 2025இல்தான் அதை எடுக்க ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. போன மாதம் ஒருவன் என்னிடம் வேலைக்கு நிற்கிற அந்த அக்காவைத் தள்ளிவிட்டுப் போனான். அதற்கு எந்தத் தம்பியும் கமெரா தூக்கிக்கொண்டு வரவில்லை.

எனக்கு வலிப்பது சட்டமுமில்லை, வரியுமில்லை. சொல்லப்போனால் அந்த வீடியோவில் என்னை உறுத்தியது ஒரே ஒரு சொல்தான். "கடைக்காரர்." அதைச் சொல்லும்போது வாய் கோணுகிற விதம். கோயில் தேருக்கு யாரிடம் வருகிறீர்கள்? பழைய மாணவர் சங்க மலருக்கு விளம்பரம் யாரிடம்? தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தண்ணீர்ப் போத்தல் இருபது பெட்டி யார் தந்தது? கொரோனாவில் கிழவிமாருக்குச் சாமான் கொண்டுபோய்க் கதவடியில் வைத்தது யார்? அப்போதெல்லாம் நான் "அண்ணை". பொம்பிளை, மாப்பிள்ளை பேசும்போதும், அந்த வீடியோவிலும் "கடைக்காரன்". என் மகன் போன மாதம் ஒரு படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் "ரீடெயில் மனேஜ்மென்ட்" என்று எழுதியிருந்தான். கேட்கவில்லை. பார்த்துவிட்டு மடித்து வைத்தேன்.

தம்பி, நீங்கள் நல்ல பிள்ளைதான். டிசம்பரில் உங்களுடைய பொங்கல் விழாவுக்கு ரசீதுப் புத்தகத்தோடு வந்தபோது தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது ஞாபகம் இருக்கும். அந்த 100 பவுண்ஸ் ரசீது இன்னும் டில்லுக்குக் கீழே கிடக்கிறது, கணக்காளருக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக. நாளைக்கும் காலை ஐந்தரைக்குத் திறப்பேன். கமெராவோடு வாருங்கள். ரோல்ஸ் இருக்கும். கோதுமை, முட்டை, கடுகு, மூன்றும் தடித்த எழுத்தில் லேபலில் இருக்கும். கிட்டப் போய் எடுங்கள், தெளிவாக விழும்.