மானுக்கு எரியாத விளக்கு

(திருகோணமலையில், பிரட்றிக் கோட்டைக்குச் செல்லும் வீதியிலிருந்து அதிகம் தள்ளாத ஓர் ஒழுங்கை. கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் கராஜுக்குள் மின்வேலைக்காரர் ஏணியுடன் நுழைகிறார். பெரியவர் வாய் திறந்தால் கடிதமாகவே வரும். அவருடன் சிறிது நேரம் பேசுகிறவருக்கும் அது தொற்றிக்கொள்ளும் என்பதால், இளைஞரின் பேச்சை வாசகர் மன்னிக்க வேண்டும்.)

இலிகிதர்: வாரும் தம்பி. இந்தக் கராஜ் விளக்கு மாலை ஆறு மணிக்கு எரியத் தொடங்கி, காலையில் யாராவது நினைவுகூர்ந்து அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருப்பதையும், அவ்வாறு நினைவுகூரும் பொறுப்பு இவ்வீட்டில் என் ஒருவன் தலையிலேயே விழுந்திருப்பதையும் முன்னிட்டு, நடமாட்டம் கண்டால் மட்டும் எரியவைக்கும் சென்சர் ஒன்றைப் பொருத்தத் தீர்மானித்திருக்கிறேன். பொருள் கைவசம் உள்ளது. மகன் கனடாவிலிருந்து அனுப்பியிருக்கிறான்.

மின்வேலைக்காரர்: (பெட்டியைத் திருப்பி, பின்புறத்துச் சிறிய எழுத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்து) ஐயா, இதில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இதை இங்கே இணைத்தால் ஒரு தடவை மிகச் சிறப்பாக வேலை செய்யும்.

இலிகிதர்: ஒரு தடவை என்றால் எவ்வளவு நேரம்?

மின்வேலைக்காரர்: புகை வரும்வரை.

இலிகிதர்: பிள்ளை அன்போடு அனுப்பியதல்லவா, தம்பி?

மின்வேலைக்காரர்: அன்பு முழுதாக வந்து சேர்ந்துவிட்டது ஐயா. மின்னழுத்தம்தான் பாதி வழியில் நின்றுவிட்டது. என் பையில் 220 முதல் 240 வோல்ட்டுக்கான சென்சர் ஒன்று இருக்கிறது, அதைப் போடலாம்.

இலிகிதர்: நல்லது. இதனால் மாதாந்த மின்கட்டணத்தில் ஏற்படக்கூடிய குறைவை மதிப்பிட்டுச் சொல்லும்.

மின்வேலைக்காரர்: உங்களுடையது 9 வாட் எல்ஈடி பல்ப். இரவு முழுவதும் 12 மணித்தியாலம் எரிந்தாலும் 108 வாட்மணி. முப்பது நாளைக்குக் கணக்குப் பார்த்தால் மூன்று யூனிற்றும் சொச்சமும்தான். சென்சரும் விழித்திருப்பதற்காக இரவு பகலாக ஓரளவு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். போட்ட பணம் திரும்பி வருவதற்குள் சென்சருக்கே ஓய்வூதியம் கொடுக்க வேண்டி வந்துவிடும்.

இலிகிதர்: கட்டணம் உபநோக்கம் மாத்திரமே. பிரதான நோக்கத்தைப் பிற்பாடு தெரிவிப்பேன். முதலில் இது ஆளை எப்படி அடையாளம் காண்கிறது என்று விளக்கும்.

மின்வேலைக்காரர்: அடையாளமே காண்பதில்லை ஐயா. உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வந்துகொண்டே இருக்கிறது. இந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் மூடியைத் தடவிப் பாருங்கள், உட்புறம் வரிவரியாக இருக்கிறதல்லவா? அதுதான் வில்லை. முன்னால் உள்ள இடத்தை அது விசிறி மடிப்பைப்போலப் பல கீற்றுகளாகப் பிரிக்கிறது. சூடான உடம்பு ஒரு கீற்றைவிட்டு அடுத்த கீற்றுக்குத் தாண்டும்போது, உள்ளே இருக்கும் இரண்டு உணரிகளுக்கும் கிடைக்கும் கதிரில் வித்தியாசம் உண்டாகிறது. அந்த வித்தியாசத்தைக் கண்டுதான் விளக்கைப் போடுகிறது.

இலிகிதர்: ஆகவே, வீட்டுக்காரனுக்கும் கள்ளனுக்கும் இடையில் அது வேறுபாடு காட்டாது?

மின்வேலைக்காரர்: சூடாக இருந்து நடந்தால் போதும். தேசிய அடையாள அட்டை கேட்காது.

இலிகிதர்: அப்படியானால் வாசற் கதவுக்கு நேர் எதிரே, பின்சுவரில் பொருத்தும். உள்ளே வருபவர் எவராயினும் அதன் முகத்தில் விழிக்கட்டும்.

மின்வேலைக்காரர்: அங்கே வைத்தால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகும். அதை நோக்கி நேராக வருகிறவர் நெடுநேரம் ஒரே கீற்றுக்குள்ளேயே வந்துகொண்டிருப்பார். பக்கச் சுவரில், இரண்டு இரண்டரை மீற்றர் உயரத்தில் வைத்தால் வருகிறவர் கீற்றுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவார், உடனே எரியும். பல்ப்புக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. பல்ப் அணையும்போது உண்டாகும் சூட்டு மாற்றத்தையே யாரோ வந்ததாக எண்ணி மறுபடி போட்டுவிடும்.

இலிகிதர்: தானே அணைத்துத் தானே ஏற்றிக்கொள்ளுமா? எங்கள் காரியாலயத்தில் தானே கடிதம் எழுதித் தானே பதிலும் எழுதிய ஒருவர் இருந்தார். அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. அது கிடக்கட்டும். ஆளிப் பெட்டிக்குள்ளேயே இதன் வயர்களைக் கொடுத்துவிடலாம்தானே?

மின்வேலைக்காரர்: உங்கள் ஆளிப் பெட்டிக்கு நியூற்றல் வயர் வரவில்லை, இங்கே அநேகமான வீடுகளில் வருவதில்லை. இதற்கு லைவ், நியூற்றல், பல்ப்புக்குப் போகும் வயர் ஆகிய மூன்றும் வேண்டும். ஆகவே பல்ப் இருக்கும் இடத்திலிருந்துதான் இழுக்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டு வருகிறேன்.

(அணைக்கிறார். வீட்டுக்குள்ளிருந்து, தொலைக்காட்சி நின்றுபோனது குறித்து ஒரு குரல் எழுகிறது. இலிகிதர் அதற்குப் பதில் சொல்வதைத் தவிர்த்துக்கொள்கிறார். வேலை முடிந்து மெயின் மறுபடி போடப்படும்போது பொழுது சாய்ந்துவிட்டது.)

மின்வேலைக்காரர்: இப்போது அரை நிமிடம் பொறுங்கள், அது நிதானத்துக்கு வரட்டும். இதோ, அடியில் மூன்று குமிழ்கள் இருக்கின்றன. இது எவ்வளவு தூரம் பார்ப்பது என்பதற்கு. இது எவ்வளவு இருட்டினால் வேலை தொடங்குவது என்பதற்கு. சந்திரன் படம் உள்ள பக்கம் திருப்பினால் இரவில் மட்டும் எரியும். இது எவ்வளவு நேரம் எரிவது என்பதற்கு. சோதித்துப் பார்ப்பதற்காகப் பத்துச் செக்கனில் வைத்திருக்கிறேன்.

இலிகிதர்: அப்படியே இருக்கட்டும். சிக்கனம் நல்லது.

மின்வேலைக்காரர்: பத்துச் செக்கன் போதாது ஐயா. காரின் டிக்கிக்குள் தலையை விட்டு ஸ்பானர் தேடும்போது நீங்கள் அசையாமல் நிற்பீர்கள். அதற்கு நீங்கள் சுவருக்குச் சமம், விளக்கு அணைந்துவிடும். பிறகு இரண்டு கையையும் தூக்கி ஆட்ட வேண்டும்.

இலிகிதர்: தினந்தோறும் கராஜுக்குள் தனியே நின்று கையாட்டினால் இந்த ஒழுங்கையில் என் பெயர் என்னாவது? ஐந்து நிமிடத்தில் வையும். வேறு ஏதாவது குறைபாடு உண்டா?

மின்வேலைக்காரர்: கச்சான் காலத்தில் சிறிது மந்தமாகும். காற்று வெக்கையாக வீசி, சுவரும் தகரமும் உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிட்டால் ஆளைப் பிரித்தறிவது அதற்குக் கடினம். வாடைக் காலத்தில் கடலிலிருந்து உப்போடு மழை அடிக்கும். அதற்காக வயர் நுழையும் துவாரத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்து றப்பர் போட்டு அடைத்திருக்கிறேன். இனியாவது பிரதான நோக்கத்தைச் சொல்லுங்கள்.

இலிகிதர்: (குரலைத் தாழ்த்தி) அடுத்த வீட்டு ஆடு, தம்பி. இரவில் படலையைத் தாண்டி வந்து என் செவ்வரத்தைக் கன்றுகளை மொட்டையாக்கிவிட்டுப் போகிறது. உரிய காரியாலயத்துக்கு முறைப்பாடு எழுதி, இரண்டு நினைவூட்டல்களும் அனுப்பிவிட்டேன். கண்ணால் கண்ட சாட்சி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். விளக்கு எரிந்தவுடன் யன்னலால் பார்த்து, திகதியும் நேரமும் குறித்து, நான்காவது கடிதத்துடன் இணைத்துவிடுவேன்.

(அந்நேரம் விளக்கு பளிச்சென்று எரிகிறது. இருவரும் அசையவில்லை. படலைக்கு இப்பால், செவ்வரத்தை இலையை மென்றபடி, கிளைக் கொம்புகளுடன் ஒரு புள்ளிமான் நிற்கிறது. கோட்டைப் பக்கத்து மான்கள் நகர வீதிகளில் உலாவுவது திருகோணமலையில் எவருக்கும் புதினமன்று, இலிகிதருக்கு மாத்திரம் இன்று புதினமாகிவிட்டது. அது இருவரையும் பார்த்து, இன்னும் ஓர் இலையைக் கடித்துக்கொண்டு போகிறது.)

மின்வேலைக்காரர்: ஐயா, சாட்சி கிடைத்துவிட்டது.

இலிகிதர்: (நீண்ட மௌனத்தின் பின்) இந்த விளக்கு மானுக்கு எரியக் கூடாது, தம்பி.

மின்வேலைக்காரர்: ஏன் ஐயா?

இலிகிதர்: கோப்பில் ஆடு என்று இருக்கிறது.

மின்வேலைக்காரர்: வில்லையில் கறுப்பு ரேப் ஒட்டினால் ஒரு பக்கத்தை மறைக்கலாம். ஆட்டுக்குத் திறந்து மானுக்கு மூடும் ரேப் எந்தக் கடையிலும் இல்லை. படலைப் பக்கம் முழுவதையும் மறைத்தால் நீங்கள் வரும்போதும் எரியாது.

இலிகிதர்: மான் பெரும்பாலும் எத்தனை மணிக்கு வரும்?

மின்வேலைக்காரர்: அதற்கு நேரசூசி கிடையாது. இருட்டினால் வரும்.

இலிகிதர்: அப்படியானால் மாலை ஆறு மணிக்கே நான் ஆளியை அணைத்துவிடுகிறேன்.

மின்வேலைக்காரர்: பகலில் சென்சர் எரியவிடாது. இரவில் நீங்கள் எரியவிட மாட்டீர்கள்.

இலிகிதர்: இப்போதுதான் விளங்கிக்கொண்டீர். கூலி எவ்வளவு என்று சொல்லும், பற்றுச்சீட்டில் ஆட்டைப் பற்றியோ மானைப் பற்றியோ எதுவும் எழுத வேண்டாம்.