முகமூடி வாரிசுச் சொத்துதான், ஆனால்…

‘மெக்சிகோவின் முகமூடி மல்யுத்த வீரர் எல் சாண்டோ இறந்த பிறகுதான் மகன் வெள்ளி முகமூடியை மாட்டிக்கொண்டு, அப்பா பெயரிலேயே பிழைத்தார்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. சாண்டோ இறந்தது 1984 பிப்ரவரியில். மகன் ‘எல் ஈஹோ டெல் சாண்டோ’ (‘சாண்டோவின் மகன்’) அந்தப் பெயரில் களமிறங்கியதோ 1982-இல், அப்பா மல்யுத்தக் களத்திலிருந்து விடைபெற்ற அதே ஆண்டு. அதற்கும் முன்பு, வேறு பெயரில், யார் மகன் என்றே காட்டிக்கொள்ளாமல் மோதியிருக்கிறார்.

பிழைப்பு என்கிறீர்களே, 1994 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த முகமூடியையே பணயம் வைத்தார்! ஆக்டகோன் என்ற வீரருடன் இணை சேர்ந்து எடி கெரேரோ, ஆர்ட் பார் என்ற மல்யுத்த வீரர்கள் இருவரையும் வென்றார். எதிரணி வைத்த பணயம் தலைமுடி; தோற்றவர்களுக்கு அது போயிற்று. தோற்றிருந்தால் குடும்பச் சொத்தே போயிருக்கும். மெக்சிகோ மல்யுத்தத்தில் முகமூடியை இழப்பது சாதாரணத் தோல்வியல்ல. பெயர் அப்பாவுடையதுதான், மறுக்கவில்லை. அந்த இரவு மேடையில் நின்றது மகன்.