கைப்பேசி இருந்தால் பயம் போய்விடுமா?
கைப்பேசி வந்த பிறகு, தேனிலவுக்குத் தனி இடம் தேடிப் போகும் புதுமணத் தம்பதியை வைத்து எடுக்கும் திரில்லர் படங்களை நம்ப முடிவதில்லை என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. நான் மலேசியாவில் பினாங்குக்காரி, கல்யாணமான புதிதில் நானும் கணவரும் தெலுக் பஹாங் தேசியப் பூங்கா வழியாகப் பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு நடந்து போனபோது பாதி வழியிலேயே சிக்னல் போய்விட்டது, அப்புறம் கைப்பேசி மணி பார்க்க மட்டும்தான் உதவியது. எதிரே தனியாக வந்த ஓர் ஆள் சும்மா சிரித்துவிட்டுப் போனதற்கே இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தார். காட்டில் ஆள் காணாமல் போவதெல்லாம் சினிமாவில்தான் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்லியிருக்கிறார், ஆனால் நம் கேமரன் மலையிலேயே 1967 மார்ச் 26 அன்று தாய்லாந்தில் பட்டு வியாபாரம் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன் பங்களாவை விட்டு நடந்து போனவர்தான், போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி எனும் பழங்குடி மக்கள் எல்லாரும் தேடியும் கிடைக்கவே இல்லை. சரி, சிக்னல் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் இந்தக் கதைகளில் பயம் காட்டிலிருந்து வருவதில்லை, பக்கத்தில் படுத்திருப்பவர் யாரென்று இன்னும் முழுசாகத் தெரியாததிலிருந்துதான் வருகிறது. பெண் பார்த்து, நிச்சயம் பண்ணி, நாலைந்து தடவை பேசிக் கல்யாணம் செய்துகொள்ளும் நம் வீடுகளுக்கு இது நன்றாகவே புரியும். ராத்திரியில் கணவனுக்கு ஒரு அழைப்பு வருகிறது, வராந்தாவுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வந்து "ராங் நம்பர்" என்கிறான் என்றால், அந்தக் கைப்பேசிதான் அவளை விடியும்வரை தூங்கவிடாது.