641இல் உடைகிற எண்

4294967297 பகா எண் போலத் தெரிகிறது என்று கட்டுரையில் எழுதி அப்படியே விட்டுவிட்டீர்கள், ஆனால் அது பகா எண் இல்லைங்க. இரண்டின் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது, இதைப் பகா எண் என்று நம்பிய பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே ஏமாந்த இடம். 1732இல் ஆய்லர் என்ற கணித மேதை இது 641ஆல் வகுபடும் என்று காட்டிவிட்டார். வகுபடுமா என்று எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, 64ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற பகா எண்கள் போதும்: 193, 257, 449, 577, அப்புறம் 641, ஐந்தாவதிலேயே ஆள் விழுந்துவிடுகிறது! ஈரோடு என்றாலே ராமானுஜன் பிறந்த ஊராச்சே என்று எல்லோரும் அவர் பேரோடு சேர்ந்த 1729 என்ற எண்ணைத்தான் ஆரம்பிப்பார்கள், சரி, அது இருக்கட்டும். நான் இங்கே மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். நேற்றுச் சிட்டையை மூடிவிட்டு மேசையில் கிடந்த 12 இலக்கக் கால்குலேட்டரில், மஞ்சள் தூசி படிந்த பட்டன்களைத் தட்டி 4294967297ஐ 641ஆல் வகுத்துப் பார்த்தேன், 6700417 என்று புள்ளியே இல்லாமல் வந்து நின்றது. அதுவும் பகா எண்தான்.