ஷட்டிலை நிறுத்த முடிவெடுத்தவர் ஒபாமா இல்லை

"ஒபாமா வந்துதான் ஸ்பேஸ் ஷட்டிலை இழுத்து மூடினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. ஷட்டில் என்பது விண்வெளிக்குப் போய்த் திரும்பும் நாசாவின் விண்கலம். 2003 பிப்ரவரியில் அவற்றில் ஒன்றான கொலம்பியா ஏழு பேருடன் சிதறியது. அடுத்த ஆண்டு ஜனவரி 14 அன்று, சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டு 2010-இல் ஷட்டிலுக்கு ஓய்வு என்று அறிவித்தவர் அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ். ஒபாமா கையெழுத்திட்ட 2010 சட்டம் கூடுதலாக ஒரு பயணத்துக்கு வழிசெய்தது. 2011 ஜூலையில் அட்லாண்டிஸ் ஷட்டில் போய்வந்த கடைசிப் பயணம் அதுதான்.

ஒபாமா கைவிடச் சொன்னது கான்ஸ்டெலேஷனை, அதாவது நிலவுக்குத் திரும்பும் புஷ்ஷின் திட்டத்தை. அதற்காக அவரைத் தாராளமாகக் கேள்வி கேட்கலாம், நானும் கேட்பேன். 2007-இல் அதிபர் தேர்தல் பிரசாரத்தின்போது, கல்விச் செலவுக்காக அதை ஐந்து ஆண்டு தள்ளிப்போடலாம் என்றார். அப்புறம் 2008 ஆகஸ்டில் புளோரிடாவின் டைட்டஸ்வில்லுக்குப் போனதும், தள்ளிப்போட மாட்டேன் என்று பேச்சு மாறியது. கென்னடி விண்வெளி மையத்துக்கு எதிர்க்கரையில், அந்த மையத்தின் வேலைகளை நம்பி வாழும் ஊர் அது. மாநிலத்துக்கோ, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகள் அப்போது 27. ஜெயித்த பிறகு, 2010 பிப்ரவரி பட்ஜெட்டில் கான்ஸ்டெலேஷனையே ரத்து செய்யச் சொன்னார். அங்குள்ள தொழிலாளர்களின் கோபத்துக்கு இந்த வாக்குறுதிக் கதையே போதும். ஷட்டில் முடிவையும் அவர் கணக்கில் எழுத வேண்டாம்.