பெக்கர் இல்லாவிட்டால் டூப்ளிகேட்டா?

நேற்று அந்தப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. அமெரிக்க ராக் பேண்டான ஸ்டீலி டேனின் 'நார்த்ஈஸ்ட் காரிடார்' லைவ் ஆல்பத்தை "டூப்ளிகேட் பேண்ட்" என்று இரண்டே வார்த்தையில் ஊதித் தள்ளிவிட்டார் ஓர் அன்பர். கைதட்ட நாற்பது பேர். அவர்களில் எத்தனை பேர் ஆல்பத்தை முழுசாகக் கேட்டிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கோபம் வரும், அவர்களுக்கு.

வாதம் இதுதான்: பேண்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான வால்டர் பெக்கர் 2017இல் இறந்துவிட்டார். 2021இல் வந்த ஆல்பத்தில் மிச்சம் இன்னொருவரான டொனால்ட் ஃபேகன் மட்டும். மற்றவர்கள் கூலிக்கு வாசிப்பவர்கள்.

ஐயா, அந்த பேண்டில் கூலிக்கு வாசிப்பவர்கள் இல்லாத காலம் எது? 1974இலேயே டூரை நிறுத்திவிட்டு பெக்கர், ஃபேகன் இருவரும் ஸ்டூடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பழைய ஆட்கள் கலைந்தார்கள். 1977இல் வந்த 'ஏஷா' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் டிரம்ஸ் ஸ்டீவ் காட், சாக்ஸபோன் வேய்ன் ஷார்ட்டர். இருவருமே வெளியாட்கள். அதே ஆல்பத்தின் 'பெக்' பாட்டின் கிட்டார் சோலோவுக்கு ஆள் மாற்றி ஆள் வரவழைத்து, வாசித்ததை எல்லாம் ஒதுக்கி, கடைசியில் ஜே கிரேடனிடம்தான் மனசு நிறைந்தது. ஒரிஜினல் என்று நீங்கள் உருகும் இசைத்தட்டுகளே வாடகைக் கைகளின் வேலை.

அதே 'ஏஷா' பாட்டுக்கு இந்த லைவ் ஆல்பத்தில் டிரம்ஸ் கீத் கார்லாக். ஸ்டீவ் காட் வாசித்ததை நகலெடுப்பார் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இல்லை, தன் கையால் வாசிக்கிறார். இதுவா டூப்ளிகேட்?

"ஃபேகன் குரல் இறங்கிவிட்டதே." இறங்கிவிட்டது. எழுபதைத் தாண்டிய மனிதர். அடுத்த கேள்வி.

"பெயரையாவது மாற்றியிருக்கலாமே." மாற்றத்தான் ஃபேகனும் விரும்பினார். நிகழ்ச்சி நடத்துபவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு பெயரில் வந்திருந்தால் நீங்கள் டிக்கெட் வாங்கிக் கிழித்திருப்பீர்களாக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார். பதினெட்டு வருஷம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். எங்கள் கிட்டார் அண்ணன் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன். பெண் வீட்டுப் பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்தார். "பழைய கிட்டார்காரர் இல்லையே தம்பி, பேசின தொகையில கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" புதுப் பையன் பக்கத்திலேயே ட்யூன் செய்துகொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்கு அவன் வாசித்த மாதிரி அண்ணன்கூட வாசித்ததில்லை. இதை வெளியே சொல்லவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. சொன்னால் அண்ணனுக்குத் துரோகம் மாதிரி இருந்தது. இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. ஃபேகனுக்கும் மேடையில் வலது பக்கமோ இடது பக்கமோ ஒரு இடம் காலியாகத் தெரியாமலா இருக்கும்? அதோடுதானே பாடுகிறார். அதைக் கேட்டுவிட்டு டூப்ளிகேட் என்று டைப் அடிக்க எப்படி மனசு வருகிறது?

சரி, நான் பேச வந்தது ஆல்பத்தைப் பற்றி. எங்கேயோ போய்விட்டேன்.

பெரியவர் இரண்டாயிரம் ரூபாய் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார். பையன் பங்கில் கை வைக்காமல் மற்றவர்கள் பகிர்ந்துகொண்டோம். அவனுக்கு இதுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியட்டும்.